எல்வாவின் பின்னால் வந்தது

மாலை ஐந்து மணிதான். ஆனால் எங்கள் தீவில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், அதுவும் மேட்டு ஏரிப் பக்கம்... ஐந்து மணி என்றாலே இருட்டு. அந்த வண்டித்தடத்தில் குளிர்காலம் முழுக்க ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு பக்கம் ஓடை. இன்னொரு பக்கம் மொத்தை மொத்தையாகப் புல் வளர்ந்து கிடக்கும் சதுப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும். நடுவில் இந்தத் தடம் மட்டும்.

அதில் ஒரு பெண் தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கையில் அரிக்கேன் விளக்கு. கோட்டுக்குள் கைக்குழந்தை.

அந்தக் கதவை யாராவது நன்றாகச் சாத்துங்கள்... காற்று வருகிறது. ம்.

நம் மில்லில் ரம்பம் பிடிக்கிற லெஸ்ஸை உங்களுக்குத் தெரியும். அவனுடைய பெரியம்மா அவள். எல்வா என்று பெயர். லெஸ் கொஞ்சம் புளுகுவான், ஒத்துக்கொள்கிறேன். பிடித்த மீனையெல்லாம் ஒரு முழம் கூட்டித்தான் சொல்வான். ஆனால் இதைச் சொன்ன அன்றைக்கு அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. சொல்லி முடித்ததும் வெளியே போய் ஒன்றுக்கு இருக்கக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டான்.

போர் முடிந்து சில வருஷம் ஆகியிருந்த சமயம். எல்வாவும் அவள் புருஷன் மெர்வும் குளிர்காலம் வந்தால் மேட்டுக்குப் போய்விடுவார்கள். கண்ணி வைத்து வாலபி என்கிற குட்டிக் கங்காருவும், மரத்தில் திரிகிற போசமும் பிடிப்பார்கள். குளிரில்தான் ரோமம் அடர்த்தியாக இருக்கும், தோலுக்கு நல்ல விலை. ஒரே அறைக் குடிசை. குடிசையில் பாதிக்குப் புகைக்கூண்டு. அதில் தோல்கள் வரிசையாகக் காயும். புகையும் கொழுப்புமாக ஒரு வாடை எப்போதும் இருக்கும். அந்த வருஷம் கூடவே நோலா. பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தை.

அன்றைக்கு மதியம் மெர்வ் விறகு பிளந்துகொண்டிருந்தான். கட்டையில் பனி உறைந்திருந்தது. கோடாலி வழுக்கியது.

"ஒண்ணுமில்ல எல்வா... பூட்ஸ்தான் போச்சு" என்றான்.

அவள் பூட்ஸை அறுத்து எடுத்தாள். கணுக்காலுக்கு மேலே உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அது என்ன என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பெல்ட்டை எடுத்துத் தொடையை இறுக்கினாள். கிழித்த படுக்கை விரிப்பைச் சுற்றினாள். சுற்றச் சுற்ற நனைந்தது. அவள் ஏப்ரனெல்லாம் ரத்தம்.

குதிரை கிடையாது. தோல் ஏற்ற வருகிறவன் மாதக் கடைசியில்தான் வருவான். டெலிபோன் இருப்பது ஒரே இடத்தில். தடம் போய்ச் சரளைச் சாலையைத் தொடும் இடத்தில், அணை மதகு பார்க்கும் பெர்சியின் வீட்டில். நல்ல நாளிலேயே அரை நாள் நடை.

"விடிஞ்சதும் போயேன்" என்றான் மெர்வ்.

"விடியறப்ப நீ இருப்பியா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப டீயாவது போட்டு வச்சிட்டுப் போ. புள்ளைய விட்டுட்டுப் போ. பனியில தூக்கிட்டு அலையாத."

"பால் குடிக்கிற புள்ள. அழுதா என்ன பண்ணுவ? தாடிய ஆட்டிக் காட்டுவியா?"

மெர்வ் சிரித்தான். சிரித்ததில் கட்டு மறுபடி நனைந்தது.

அடுப்பில் பெரிய கட்டைகளாக அடுக்கினாள். டீயும் ரொட்டியும் அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தாள். குழந்தையைச் சால்வையில் சுற்றி நெஞ்சோடு கட்டி, மேலே மெர்வின் பெரிய கோட்டைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். கதவுக்கு உள்பக்கம் மட்டும்தான் தாழ்ப்பாள். வெளியே இருந்து சாத்தலாம், பூட்ட முடியாது. அவனால் எழுந்து வந்து தாழ் போடவும் முடியாது. சும்மா சாத்திவிட்டு, காற்றுக்குத் திறக்காதபடி ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

நாய் கூடவே வந்தது. நெல்சன். கங்காருவைத் துரத்தி மடக்குகிற சாதி. எதற்கும் பயப்படாது.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. பனி மெல்லிசாகப் பெய்தது. மூடுபனியில் விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. குழந்தை தூங்கியது. பாதி தூரம்கூட வந்திருக்காது... நெல்சன் நின்றது.

முதுகில் மயிர் குத்திட்டு நின்றது. பின்னால் திரும்பிப் பார்த்தது. வாலைக் காலுக்கிடையில் செருகிக்கொண்டு அப்படியே சிறுநீர் விட்டது. எல்வா கூப்பிடக் கூப்பிட, சதுப்புக்குள் இறங்கி ஓடிப்போய்விட்டது. சளக் சளக்கென்று கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

கஃப்... கஃப்.

இருமல் மாதிரி. இரட்டை இரட்டையாக. தொண்டை கட்டின ஆள் ஒருவன் பின்னால் நடந்து வருகிற மாதிரி.

கஃப்... கஃப்.

எல்வாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் பயம். அவள் அப்பா ஹாரி ஆட்டுப் பண்ணையில் புலி பிடிக்கும் வேலை பார்த்தவர். எங்கள் தீவுப் புலி இப்படித்தான் இருமும். புலி என்று சொல்லிக்கொள்வது அந்த வரிகளால்தான். தலை ஓநாய் மாதிரி. வால் கங்காருவின் வால் மாதிரி விறைப்பாக நிற்கும், ஆட்டத் தெரியாது. முதுகின் பின்பாதியில் மட்டும் வரி. வயிற்றில் குட்டி சுமக்கும் பை. ஆட்டைத் தின்கிறது என்று அரசாங்கம் தலைக்கு விலை வைத்தது. கண்ணி, விஷம், நாய், துப்பாக்கி... கொஞ்சநஞ்சம் மிஞ்சியதை நோய் பார்த்துக்கொண்டது. கடைசிப் புலி நகரத்து மிருகக்காட்சிச் சாலைக் கூண்டில் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

செத்துப்போன மிருகம். இருக்க முடியாத மிருகம்.

கஃப்... கஃப்.

அவள் வேகமாக நடந்தாள். பின்னால் பனியில் பொத் பொத்தென்று காலடி. அவள் நின்றாள். அதுவும் நின்றது. ஆனால் ஒரு காலடி வைத்துவிட்டுத்தான் நின்றது. ஒவ்வொரு முறையும் அப்படி. அந்த ஒரு காலடி கிட்டே வந்துகொண்டிருந்தது.

சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், புலி எவ்வளவு வேகமாக ஓடும் என்று.

"அது எங்க ஓடுது? அதுக்கு அவசரமே கிடையாதுடி. வாலபி உசிரக் கையில புடிச்சிக்கிட்டுக் குதிச்சு ஓடும். இது பின்னாலயே பொடிநடையா வரும். ராத்திரி முழுக்க வரும். வாலபி களைச்சுப்போய் எங்கயாவது நிக்கும் பாரு... அப்ப."

"மனுசனையும் அப்படித் துரத்துமா?"

"மனுசன ஒண்ணும் பண்ணாது. ஆனா பின்னால வரும். வாசல் வரைக்கும்கூட வரும். என்ன வேணும்னு கேட்டா எனக்குத் தெரியாது."

ரத்தம், என்று எல்வாவுக்குப் பட்டது. ஏப்ரனில் மெர்வின் ரத்தம். அந்த வாடைக்குத்தான் வருகிறது. கோட்டுக்கடியில் கையை விட்டு ஏப்ரனை உருவினாள். சுருட்டி, பின்பக்கமாக எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வீசினாள். ஓடினாள். குழந்தை விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தது.

பின்னால் சத்தம் நின்றுவிட்டது.

அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சைத் திரும்ப இழுக்கக்கூட இல்லை. சத்தம் முன்னால் கேட்டது.

கஃப்.

விளக்கைத் தூக்கிப் பார்க்கப் போனவளுக்குக் கீழே தடம் இல்லை. ஓரத்து வாய்க்காலில் பனி ஏடு கட்டியிருந்தது. கால் உடைத்துக்கொண்டு உள்ளே போனது. இடுப்பு வரை ஐஸ் தண்ணீர். கணுக்கால் பிசகியது. குழந்தை நனையக் கூடாதென்று இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டாள். விளக்கு போய்விட்டது. உஸ் என்று ஒரு சத்தம்... இருட்டு.

முழங்கையை ஊன்றித்தான் கரை ஏறினாள். பாவாடை உடனே விறைத்துத் தகரம் மாதிரி ஆனது. அப்போதுதான் கவனித்தாள். நோலா அழவில்லை.

கோட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டாள். மூச்சு இருந்தது. இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி இருந்தது. உதடு சில்லிட்டிருந்தது. கன்னத்தைத் தட்டினாள். பெயரைச் சொன்னாள். உலுக்கினாள். குழந்தையின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

ஒரு வாடை வந்தது. நனைந்த சாக்கில் பழைய எலும்பைக் கட்டி வைத்த மாதிரி. கூடவே கண்ணை எரிக்கிற ஒரு கவிச்சி.

மூடுபனி கொஞ்சம் விலகியது. நிலா இருந்திருக்கிறது, அதுவரை தெரியவில்லை.

தடத்தில் குறுக்கே அது நின்றுகொண்டிருந்தது. இந்த அடுப்புக்கும் அந்தப் பெஞ்சுக்கும் இருக்கிற தூரம்கூட இல்லை. வரிகளை எண்ணலாம். வாயைத் திறந்தது... திறந்தது... திறந்துகொண்டே போனது. பொறி திறக்கிற மாதிரி, தாடை கீழே கீழே போனது. அவ்வளவு பெரிய வாய். எல்வாவின் மூச்சு வெளியே வந்தால் புகையாகத் தெரிகிற குளிர். அந்த வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. புகையே இல்லை.

வயிற்றில் பை தொங்கியது. தொளதொளவென்று, உள்ளே எதுவும் இல்லாமல்.

அது எல்வாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தது. கோட்டுக்குள் இருந்ததைப் பார்த்தது.

அவள் அப்பா குடித்துவிட்டு ஒரே ஒரு தடவை சொன்ன விஷயம் ஒன்று உண்டு. கண்ணியில் மாட்டுகிற புலி பல சமயம் காயமே இல்லாமல் செத்துக் கிடக்கும். பயத்திலேயே செத்துவிடும். தாயாக இருந்தால் பைக்குள் மயிர்கூட முளைக்காத குட்டிகள், மூன்று நான்கு, உயிரோடு இருக்கும். தாய் செத்தது தெரியாமல் காம்பைக் கவ்விக்கொண்டே இருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக் கல்லில் அடிப்பார். அதற்கும் அரசாங்கம் காசு கொடுத்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். மறுநாள் கேட்டால், "நான் எப்ப சொன்னேன்?" என்றார்.

எல்வா பேசினாள். யாரோடு பேசுகிறோம் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

"இது என்னோடது. தரமாட்டேன். எங்கப்பன் பண்ணினதுக்கு எங்கப்பன்கிட்டப் போ. அந்தாளு செத்துக் குழியில கிடக்கான். அங்க போ. இவ என்ன பண்ணினா உன்ன? என் புருஷன் அங்க சாகக் கிடக்கான். வழிய விடு. தயவுசெஞ்சு வழிய விடு..."

அது வாயை மூடியது. வழி விடவில்லை. தடத்தில் குறுக்காகப் படுத்துக்கொண்டது. முன்காலில் தலையை வைத்தது. நேரம் இருக்கிறது என்கிற மாதிரி.

ஒரு பக்கம் ஓடை. ஒரு பக்கம் சதுப்பு. இருட்டில் எதில் இறங்கினாலும் சாவுதான். நின்றாலும் சாவு. குழந்தைக்கு முதலில், பிறகு அவளுக்கு. இரண்டு பேரும் சேர்ந்து உறைந்து கிடப்பார்கள், அங்கே மெர்வ் தனியாக.

அவள் பனியில் உட்கார்ந்தாள். வேறு ஒன்றும் தோன்றவில்லை. கோட்டைத் திறந்தாள், ரவிக்கையைத் திறந்தாள். குழந்தையின் வாயை மார்பில் வைத்து அழுத்தினாள். உதடு அசையவில்லை. பாலைப் பீய்ச்சி உதட்டில் தடவினாள். மறுபடி. மறுபடி. "குடி... குடிச்சித் தொலைடி... குடி என் தங்கம்..." அழுதாளா கத்தினாளா, தெரியாது. அது பார்த்துக்கொண்டே இருந்தது. கண் சிமிட்டவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, உதட்டில் ஒரு துடிப்பு. பிறகு ஓர் இழுப்பு. பிறகு மடக் மடக்கென்று... நோலா குடிக்க ஆரம்பித்தாள்.

அந்தச் சத்தம் கேட்டதும் அது காதை நிமிர்த்தியது. எழுந்தது. நேராக அவளை நோக்கி வந்தது. எல்வா குழந்தையின் மேல் குப்புறக் கவிழ்ந்துகொண்டாள். வாடை மூக்கை அடைத்தது. கழுத்துக்குப் பக்கத்தில் ஏதோ நின்றது. முகர்ந்தது...

பிறகு தாண்டிப் போனது.

அவள் தலையைத் தூக்கினாள். முன்னால் வழி திறந்து கிடந்தது. பின்னால் பொத், பொத், பொத்... அவசரமே இல்லாமல். அவள் வந்த வழியில். குடிசை இருக்கிற பக்கம்.

முட்டுக் கொடுத்த கல். பூட்டாத கதவு. எழுந்திருக்க முடியாத மனுஷன். ரத்தம் ஊறின கட்டு.

"மெர்வ்!" என்று கத்தினாள். "மெர்வ்! கதவச் சாத்து!" எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், எப்படிக் கேட்கும்? அவளுக்கும் தெரியும். ஆனாலும் தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பிக் கொஞ்சதூரம் ஓடினாள். ஓடினால் கணுக்கால் மடங்கியது. நின்றாள். கோட்டுக்குள் குழந்தை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.

திரும்பிப் போனால் அவனிடம் போய்ச் சேர முடியுமா? சேர்ந்தாலும் வெறுங்கையோடு என்ன செய்ய? முன்னால் போனால் அவனை அதற்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அவள் முன்னால் போனாள்.

லெஸ் சொன்னான், அவன் பெரியம்மா எதை மறந்தாலும் அந்த ஓர் அடியை மறக்கவில்லை என்று. முன்னால் எடுத்து வைத்த முதல் அடி.

பெர்சியின் வீட்டுக் கதவை அவள் தலையால்தான் முட்டினாள். கை மரத்துப்போயிருந்தது. பெர்சியின் மனைவி ஐவி குழந்தையை வாங்கி அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பெர்சி டெலிபோனைச் சுழற்றினார். டாக்டர் இந்தப் பனியில் வர முடியாது, விடிவதற்குள் ஸ்ட்ரெச்சரோடு ஆட்களை அனுப்புகிறேன் என்றார்.

"புலி... அங்க போயிருக்கு. இப்பவே போகணும்" என்றாள் எல்வா.

"புலியா? அதெல்லாம் செத்து எத்தன வருசமாச்சு. பனியில கண்ணு என்னத்தையாவது காட்டும், பொண்ணே."

"வாய மூடு பெர்சி. அவ கால் நீலம் பாரிச்சுக் கிடக்கு, இவருக்கு வரலாறு. போய்த் தண்ணி காயவை" என்றாள் ஐவி.

வெளிச்சம் வரும்போது கிளம்பினார்கள். பெர்சி, ஸ்ட்ரெச்சரோடு வந்த இரண்டு ஆள். எல்வாவைப் படுக்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. குழந்தையை ஐவியிடம் விட்டுவிட்டு, கட்டின காலோடு ஒரு குச்சியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தாள்.

இரவில் அதற்குமேல் பனி பெய்யவில்லை. தடத்தில் எல்வாவின் காலடி தெளிவாக இருந்தது. அவள் உட்கார்ந்த இடம் இருந்தது. ஏப்ரன் வீசின இடத்தில் அப்படியே கிடந்தது, மரக்கட்டை மாதிரி உறைந்து. நெல்சன் ஓடின தடம் இருந்தது. வேறு எந்தத் தடமும் இல்லை. ஒன்றே ஒன்றுகூட.

"பாத்தியா?" என்றார் பெர்சி.

குடிசைக்கு வந்தார்கள். வாசலிலும் ஒரு தடம் கிடையாது. ஆனால் கல் உருண்டு கிடந்தது. கதவு திறந்திருந்தது.

எல்வாவால் உள்ளே போக முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெர்சி போனார். உள்ளே சத்தமே இல்லை. பிறகு அவர் குரல், வேறு யாருடையதோ மாதிரி... "உசிரு இருக்கு!"

அடுப்பு எப்போதோ அணைந்து சாம்பல் சில்லென்று கிடந்தது. வாளித் தண்ணீர் அடிவரை உறைந்திருந்தது. டீ உறைந்திருந்தது. ஆனால் மெர்வின் உடம்பு சூடாக இருந்தது. முதுகுப் பக்கம் சட்டை ஈரமாக, கதகதப்பாக, கொஞ்ச நேரம் முன்வரை யாரோ ஒட்டிப் படுத்திருந்த மாதிரி. காலில் கட்டு அவிழ்ந்து கிடந்தது. காயத்தைச் சுற்றி ரத்தக்கறையே இல்லை. கழுவித் துடைத்த மாதிரி சுத்தம். அறை முழுக்க அந்த வாடை. பெர்சி வெளியே வந்து பைப்பைப் பற்றவைக்கப் பார்த்தார். பற்றவைக்காமலே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் 'பாத்தியா' என்று கேட்கவில்லை.

மெர்வ் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். தெற்கே ஆப்பிள் தோட்டத்துப் பக்கம் போய்ப் பெட்டி அடிக்கிற வேலையில் சேர்ந்தான். கண்ணியைத் திரும்பத் தொடவில்லை. நோலா வளர்ந்து, கல்யாணமாகி, அவளுக்கே பிள்ளைகள். நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு அந்தக் குடிசையில், ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைக்கும்போது மெர்வ் கண்ணைத் திறந்தான். எல்வாவைப் பார்த்தான். அவள் கோட்டைப் பார்த்தான்.

"நோலா எங்க?"

"ஐவிகிட்ட இருக்கா. நல்லா இருக்கா."

"அதுக்குள்ளயா? எப்பக் கொண்டுபோய் விட்ட?"

"நேத்து சாயங்காலம் போனேனே மெர்வ். உன்கிட்டச் சொல்லிட்டுத்தான..."

"போன. அப்புறம்தான் திரும்பி வந்துட்டியே." அவனுக்குக் குரல் எழும்பவில்லை. எல்வா குனிந்து கேட்டாள். மற்றவர்களும் நின்றுவிட்டார்கள். "கதவத் திறந்துக்கிட்டு வந்த. பேசவே இல்ல. என் முதுகுப் பக்கமா வந்து படுத்துக்கிட்ட. ஒரே ஈரம், நாத்தம்... ஆனா சூடா இருந்துச்சு. என்னால திரும்ப முடியல. கையப் பின்னால விட்டு, புள்ள தலையத் தடவினேன்."

எல்வா ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மயிரே இல்லாம வழவழன்னு இருந்துச்சு. அப்புறம் பக்கத்துல இன்னொரு தலை. அதுக்குக் கீழ இன்னொண்ணு. நாலு இருந்துச்சு, எல்வா. நாலும் ஐஸ் மாதிரி சில்லுனு..."

நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான்.

"ஆனா குடிச்சிக்கிட்டிருந்துச்சு."